கடைசி மனை விற்கும் வரை: நீலகிரிக் குடியிருப்புகளில் யாருடைய ஆட்சி?

நீலகிரியில் வீடு வாங்கிக் குடியேறியவர்கள் சிலர் கடந்த சில ஆண்டுகளில் தங்கள் குடியிருப்பின் வரவு செலவுத் தாள்களை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்பதால் வந்த பழக்கம் அது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி என்று ஊர்கள் வேறாக இருந்தாலும் தாள்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டுக்கான முழுத் தொகையும் செலுத்தப்பட்டுவிட்டது. கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டது. ஆனால் சாலை, தண்ணீர்த் தொட்டி, நுழைவாயில், தடுப்புச் சுவர், காவலாளி ஆகிய அனைத்தும் கட்டுமான நிறுவனத்தின் பிடியிலேயே இருக்கின்றன. மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் கேட்கப்படுகிறது, ஆண்டுதோறும் உயர்த்தவும்படுகிறது. உயர்வுக்கான காரணத்தைக் கேட்டால், "ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்பதே பதில்.

சென்னையிலோ கோவையிலோ இத்தகைய பூசல் எழுந்தால் இருநூறு குடும்பங்கள் ஒன்று சேரும், வழக்கறிஞரை அமர்த்தும், ஊடகங்களும் எட்டிப் பார்க்கும். எட்டு, பத்து, பன்னிரண்டு வீடுகள் மட்டுமே கொண்ட மலைக் குடியிருப்பில் அந்த வாய்ப்பு இல்லை. சிறிய குடியிருப்புகளின் இந்தப் பலவீனம் தனியாக ஆராயப்பட வேண்டியது.

ஏன் எல்லாமே சிறியவை?

நீலகிரியில் குடியிருப்புகள் சிறியனவாக இருப்பதற்கு நிலமும் சட்டமும் காரணங்கள். மலையின் பாதுகாப்புக் கருதிக் கட்டடங்களின் உயரத்துக்கு 7 மீட்டர் என்ற வரம்பு இங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமும் கட்டினால் உயரம் முடிந்துவிடும். 1990இல் உருவான மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடுகள், சரிவான நிலத்தில் மண்ணை வெட்டுவதற்கான தடைகள், மரங்களைக் காக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவையும் சேர்ந்து அடுக்குமாடிப் பெருங்குடியிருப்புகளை இங்கே வரவிடாமல் தடுக்கின்றன. இந்தக் கட்டுப்பாடுகள் தேவையானவை, தளர்த்தப்படக் கூடாதவை.

ஆகவே, கட்டுமான நிறுவனங்கள் முன்னாள் தேயிலை நிலங்களின் சிறு துண்டுகளில் தனித்தனி வீடுகளை வரிசையாகக் கட்டி விற்கின்றன. வாங்குவோரில் ஒரு பகுதியினர் ஓய்வுபெற்றவர்கள். வெலிங்டன் ராணுவ வளாகத்தில் பணிபுரிந்த பின் குளிரும் அமைதியும் பழகிப்போய் இங்கேயே தங்கிவிட்ட அதிகாரிகள் அவர்களில் கணிசம். மற்றொரு பகுதியினர் சென்னை, பெங்களூரு, கோவை நகரங்களில் வாழ்ந்துகொண்டு, விடுமுறைக்கு மட்டும் வந்து போகிறவர்கள். முதல் வகையினருக்கு ஓய்வூதியமே வருமானம். இரண்டாம் வகையினருக்குக் கூட்டத்துக்கு வர நேரமில்லை. எண்ணிக்கையில் குறைந்த உரிமையாளர்கள் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடப்பது, நிர்வாகத்தைக் கைவிட விரும்பாத நிறுவனத்துக்கு வசதியாகிவிடுகிறது.

ஒரு கணக்கு

கட்டணம் எப்படிப் பெருகுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. ஏழு வீடுகள் விற்கப்பட்டுவிட்டன. ஐந்து வீடுகள் நிறுவனத்திடமே உள்ளன என்று வைத்துக்கொள்வோம். காவல், தோட்டம், தண்ணீர் ஏற்றுதல், விளக்கு, சில்லறைப் பழுதுகள் என ஆண்டுச் செலவு 12 லட்சம் ரூபாய். பன்னிரண்டு வீடுகளும் சமமாகப் பகிர்ந்தால் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். மாதத்துக்கு ஏறத்தாழ 8,333 ரூபாய்.

விற்காத ஐந்து வீடுகளுக்கான பங்கை நிறுவனம் செலுத்தாவிட்டால் அதே 12 லட்சத்தை ஏழு பேர் சுமக்க வேண்டும். ஒரு வீட்டின் மாதப் பங்கு 14,286 ரூபாயாகிவிடும். இதோடு முடியவில்லை. கட்டணத்தை வசூலிப்பது நிறுவனம் என்பதால் அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். மாதக் கட்டணம் 16,857 ரூபாயைத் தொடும்.

இதே குடியிருப்பை உரிமையாளர் சங்கமே நிர்வகித்தால் நிலைமை வேறு. சங்கம் தன் உறுப்பினர்களிடம் பெறும் மாதக் கட்டணம் ஆளுக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அந்த வரம்பைத் தாண்டினாலும், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் வரி செலுத்தத் தேவையில்லை என்று 2019இல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே வரி விதிக்கலாம் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த விலக்கு சங்கங்களுக்கு உரியது; லாப நோக்கில் இயங்கும் கட்டுமான நிறுவனத்துக்கு அது பொருந்தாது.

ஆக, அதே காவலாளி, அதே தோட்டக்காரர், அதே தண்ணீர். நிர்வாகம் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்து 8,333 ரூபாய் என்பது 16,857 ரூபாயாக மாறுகிறது. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவருக்கு இந்த வேறுபாடு மருந்துச் செலவுக்கு ஈடானது.

நான் பார்த்த ஒரு குடியிருப்பில், விற்கப்படாத வீடுகள் பூட்டிக் கிடக்கவில்லை. கோடைக் காலத்தில் அவை சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்பட்டன. பயணிகள் பயன்படுத்திய தண்ணீருக்கும், அவர்களுடைய வாகனங்களுக்குக் கதவு திறந்த காவலாளியின் சம்பளத்துக்கும் விலை கொடுத்தவர்கள் நிரந்தரமாகக் குடியிருந்த உரிமையாளர்கள். வாடகை மட்டும் நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கெல்லாம் சட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. சங்கம் பொறுப்பேற்கும் வரை அத்தியாவசியச் சேவைகளை நியாயமான கட்டணத்தில் வழங்குவது நிறுவனத்தின் கடமை என்கிறது அதன் 11ஆம் பிரிவு. பெரும்பான்மையான வீடுகளுக்கு முன்பதிவு முடிந்த மூன்று மாதங்களுக்குள், மாநிலச் சட்டம் வேறுவிதமாகச் சொல்லாத நிலையில், உரிமையாளர் சங்கம் அமைய வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. பொதுப் பகுதிகளின் உரிமையைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுப்பதையும், வரைபடங்கள் உள்ளிட்ட ஆவணங்களை ஒப்படைப்பதையும் 17ஆம் பிரிவு கடமையாக்குகிறது. சங்கத்தில் பங்கேற்பது வீடு வாங்கியவரின் கடமை என்பதையும் 19ஆம் பிரிவு சொல்லத் தவறவில்லை.

தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர் சங்கத்தை அமைத்துப் பதிவுசெய்வதை அது வலியுறுத்துகிறது.

சிக்கல், இந்தச் சட்டங்களின் ஓரங்களில் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு தேவையில்லை. எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே எட்டு என்று கணக்கிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால், அடுத்தடுத்த இரண்டு துண்டு நிலங்களில் இருவேறு பெயர்களில் ஆறு ஆறு வீடுகளைக் கட்டுபவரை யார் கண்டுபிடிப்பது? மலையில் இயல்பாகவே திட்டங்கள் சிறியவை என்பதால் இந்த ஓட்டை இங்கே அகலமாகத் தெரிகிறது.

அடுத்து, சங்கங்கள் பதிவுச் சட்டம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அடுக்குமாடிச் சட்டமோ, ஒரு கட்டடத்தைப் பலர் பகிர்ந்து வாழும் அமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தனித்தனி மனையில் தனித்தனி வீடாக நிற்கும் ஆறு பேர் எந்தச் சட்டத்தின் வாசலில் போய் நிற்பது என்ற குழப்பம் எழுகிறது. அந்தக் குழப்பம் நீடிக்கும் வரை நிர்வாகம் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது.

ஒப்பந்தம் எனும் பூட்டு

"கடைசி வீடு விற்கும் வரை நிர்வாகம் எங்களிடமே இருக்கும்" என்ற வரி பல ஒப்பந்தங்களில் காணப்படுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானதாகவே தோன்றும். ஆனால், கடைசி வீட்டை எப்போது விற்பது என்பதைத் தீர்மானிப்பவரும் அதே நிறுவனம்தான். ஒரே ஒரு வீட்டை விற்காமல் வைத்திருந்தால் போதும், ஆட்சி முடிவற்றதாகிவிடும்.

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீற முடியாது என்ற அச்சம் தேவையற்றது. வீடு வாங்குபவருக்கு வேறு வழியே இல்லாத நிலையில் திணிக்கப்படும் ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், அவற்றைப் புகுத்துவது முறையற்ற வணிக நடவடிக்கை என்றும் பயனியர் நிறுவன வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தையே தனியாக வரையறுத்தது. ரியல் எஸ்டேட் சட்டம் இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில் கூறிவிட்டது.

உரிமையாளர்கள் ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாடறிந்த முன்னுதாரணம் குர்கான் நகரின் பெலேர் குடியிருப்பு. டிஎல்எஃப் நிறுவனத்தின் ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து, அங்குள்ள உரிமையாளர் சங்கம் இந்தியப் போட்டி ஆணையத்தை அணுகியது. தன் மேலாதிக்க நிலையை நிறுவனம் தவறாகப் பயன்படுத்தியது என்று முடிவுசெய்த ஆணையம், 2011 ஆகஸ்ட் மாதம் 630 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2014இல் அதை உறுதிசெய்தது. ஆனால், அது மிகப் பெரிய குடியிருப்பு. மிகப் பெரிய நிறுவனம். ஏழு குடும்பங்கள் கொண்ட மலைக் குடியிருப்பு டெல்லி வரை போய் வழக்காடும் என்று எதிர்பார்க்க முடியாது. சென்னையே இங்கிருந்து ஏறத்தாழ 550 கிலோமீட்டர். நியாயமற்ற ஒப்பந்தம் தொடர்பான புகாரை உதகையில் உள்ள மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

மற்ற நாடுகள் இந்தக் கேள்விக்குத் தேதி குறித்துத் தீர்வு கண்டிருக்கின்றன. தமிழர்கள் பெருமளவில் வாழும் மலேசியாவில், வீடுகளை ஒப்படைத்த 12 மாதங்களுக்குள் கூட்டு நிர்வாகக் குழுவின் முதல் பொதுக்கூட்டத்தை நிறுவனமே கூட்ட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 90 சதவீத மனைகள் கைமாறிய மூன்று மாதங்களுக்குள், நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டு உரிமையாளர்களுக்கு வந்துவிடும். இங்கிலாந்தில், புதிய குடியிருப்புகளின் சாலைகளையும் பூங்காக்களையும் உள்ளாட்சிகள் ஏற்காமல் விடுவதால் வீட்டு உரிமையாளர்கள் தனியார் நிர்வாகக் கட்டணத்தில் சிக்கித் தவிப்பதை அந்நாட்டின் போட்டி ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கையில் சுட்டிக்காட்டியது. கடைசி மனை விற்கும் வரை காத்திருங்கள் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

தடுப்புச் சுவர் யாருடையது?

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று மலையில் இருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டப்பட்ட ஒவ்வொரு குடியிருப்பும் தன் தடுப்புச் சுவரையும், அந்தச் சுவரில் விடப்பட்டிருக்கும் நீர்க் கசிவுத் துளைகளையும், மழைநீர் வடிகாலையும் நம்பித்தான் நிற்கிறது. துளைகள் அடைபட்டால் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கும்; மண்ணின் எடை கூடும்; சுவர் சாயும்.

நான் பார்த்த வரவு செலவுத் தாள்களில் நுழைவாயில் அலங்காரத்துக்கும் புல்தரைக்கும் செலவு எழுதப்பட்டிருந்தது. தடுப்புச் சுவரின் ஆய்வுக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கப்படவில்லை. காரணம் எளியது. விற்பனைக்குக் காத்திருக்கும் வீடுகளைப் பார்க்க வருபவரின் கண்ணில் நுழைவாயில்தான் படும். வீட்டின் பின்புறச் சுவர் படாது. விற்பவரின் தேவையும் குடியிருப்பவரின் தேவையும் இங்கேதான் பிரிகின்றன. வாழ்பவர்கள் கையில் நிர்வாகம் வர வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. வரைபடங்களைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்ட விதி, சமவெளியில் ஒரு சம்பிரதாயமாகத் தோன்றலாம். எந்த இடத்தில் மண் வெட்டப்பட்டது, எங்கே நிரப்பப்பட்டது, வடிகால் எவ்வழியே செல்கிறது என்பதைச் சொல்லும் அந்தத் தாள்கள் மலையில் உயிர் காக்கும் ஆவணங்கள்.

மறுதரப்பின் நியாயம்

கட்டுமான நிறுவனங்களின் வாதத்தையும் முழுமையாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு காவலாளியின் சம்பளத்தை எண்பது வீடுகள் பகிர்வதும் எட்டு வீடுகள் பகிர்வதும் ஒன்றல்ல. காட்டெருமை வேலியை முறிப்பதும், மழைக்குப் பின் சாலை அரிக்கப்படுவதும் மலையின் அன்றாடச் செலவுகள். ஆண்டுக்கு இருமுறை மட்டும் வரும் உரிமையாளர்கள் கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் நிலுவையில் வைப்பதும் உண்மை. நிர்வாகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நிறுவனமே அழைத்தபோதும் எவரும் முன்வராத குடியிருப்புகளும் இருக்கின்றன. சிறிய குடியிருப்பில் கட்டணம் சற்று உயர்வாகத்தான் இருக்கும். அந்த உயர்வுக்குக் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு பணம் கொடுப்பவரின் கண்ணில் பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நிர்வாகத்தை ஒப்படைக்கும் நாள் விற்பனையின் வேகத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. முதல் வீட்டின் ஒப்படைப்பிலிருந்து குறிப்பிட்ட மாதங்களுக்குள் சங்கத்தின் முதல் கூட்டத்தை நிறுவனமே கூட்ட வேண்டும் என்று மாநில விதிகளில் சேர்க்கலாம். இரண்டாவதாக, விற்கப்படாத வீடுகளின் உரிமையாளர் நிறுவனமே என்பதால், அவற்றின் பராமரிப்புப் பங்கை அதுவே செலுத்த வேண்டும் என்பது ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். மூன்றாவதாக, ஏழு பேருக்குக் குறைவான உரிமையாளர்களும், தனி வீட்டு மனைப்பிரிவுகளில் வசிப்போரும் எளிதாகப் பதிவுசெய்துகொள்ள ஒரு வழி தேவை. நான்காவதாக, மலை மாவட்டங்களில் பதிவு விலக்குக்கான எட்டு வீட்டு வரம்பைக் குறைப்பது குறித்து அரசு ஆலோசிக்க வேண்டும். பதிவு விலக்கு வரம்பைக் குறைத்து நிர்ணயிக்கும் அதிகாரத்தைச் சட்டமே மாநில அரசுக்கு அளித்திருக்கிறது. ஐந்தாவதாக, ஒழுங்குமுறை ஆணையமும் மாநில நுகர்வோர் ஆணையமும் ஆண்டுக்குச் சில நாட்களாவது உதகையில் அமர்ந்து விசாரிக்கலாம்.

வீடு வாங்குவோரும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சாலை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். ஒப்படைக்கப்பட்டிருந்தால் அந்தச் சாலையின் பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் கேட்பதில் பொருளில்லை. தொடக்கத்திலேயே வசூலிக்கப்படும் பராமரிப்பு மூலநிதி எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது, எப்போது சங்கத்துக்கு மாற்றப்படும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். ஏற்கெனவே குடியேறியவர்கள், தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பதிவுத் தபாலில் கேட்பதிலிருந்து தொடங்கலாம். கட்டணத்தை அறவே நிறுத்துவதைவிட, ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்துச் செலுத்துவது பின்னாளில் வழக்குக்கு வலு சேர்க்கும். வெளியூர் உரிமையாளர்கள் காணொலி வழியாகவாவது கூட்டத்தில் பங்கேற்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் வரும். அதற்கு முன்பாக ஒவ்வொரு மலைக் குடியிருப்பிலும் உரிமையாளர்கள் ஒருமுறை கூடி, தங்கள் தடுப்புச் சுவரை ஒரு பொறியாளரைக் கொண்டு பார்வையிடட்டும். அந்தக் கூட்டத்துக்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை. சங்கத்தின் முதல் தீர்மானத்தை அன்றைக்கே எழுதிவிடலாம்.